ஈர்ப்பும் உஷ்ணமும்: பேராசிரியர் தாணு பத்மநாபன் ஆராய்ச்சி வரலாறு

சுசீந்திரத்தில் எழுந்தருளியுள்ள பெருமானுக்குத் தாணுமாலயன் என்று திருநாமம். தாணு என்பது சிவனையும், மால் என்பது திருமாலையும், அயன் என்பது பிரமனையும் குறிக்கும் என்பதை நம்மவர் யாவரும் அறிவர். அனந்தசயனராய்த் திருவனந்தபுரத்தில் விளங்கும் பெருமானுக்கோ பத்மநாபன் என்று திருநாமம். இவ்விரு தலங்களின் பெயரையும் ஒருங்கே தாங்கிய ஒரு பேரறிஞர், ஈர்ப்பு விசையின் இயல்பைக் குறித்துப் புதியதொரு கொள்கையை உலகின் முன் வைத்து, 2021-ஆம் ஆண்டில் மறைந்தார். தாணு பத்மநாபன் என்னும் அப்பெயரைக் கேட்டவுடன், ‘இவர் நம் நாஞ்சில் நாட்டவரோ?’ என்று நம் சங்கத்து அன்பர்கள் வினவுவது இயல்பே. தாணு என்பது நம் ஊர்களில் தெருவுக்குத் தெரு கேட்கும் பெயரன்றோ?

அவர் பிறந்தது திருவனந்தபுரத்தில். நாள் 1957-ஆம் ஆண்டு மார்ச்சு 10. தந்தையார் பெயர் தாணு ஐயர். அப்பெயரே மகனார் பெயரின் முன்னே நின்றது. 1956 நவம்பர் முதல் தேதியன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சி இராஜ்யத்தினின்று பிரிந்து சென்னை இராஜ்யத்தோடு சேர்ந்தன. அதன் பின் நான்கு மாதங்கள் கழித்துப் பிறந்தவர் பத்மநாபனார். ஆதலின் எல்லைக்கல்லைக் கணக்கிற் கொண்டால் அவர் கேரள நாட்டவர். எல்லைக்கல் நடுவதற்கு முன்னிருந்த உறவைக் கணக்கிற் கொண்டால், நம் பாட்டனார் காலத்து இராஜதானியில் பிறந்தவர். நாஞ்சில் நாட்டு இளைஞர் உயர்தரக் கல்விக்குச் சென்ற இடமும் அக்காலத்தில் அத்திருவனந்தபுரமே. தேரூர்க் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையவர்கள் தமிழ் கற்பித்ததும் அங்கிருந்த மகளிர் கல்லூரியிலேதான். இவ்வளவு சொல்லிப் பிறப்பிடத்தைப் பற்றிய பேச்சை விடுவோம். ஒருவரை நம்மவர் என்று உரிமை கொண்டாடுவது எளிது. அவர் செய்த வேலை யாது என்று அறிவதே கடினம். யாம் இக்கட்டுரையில் அக்கடினமான பகுதியையே மேற்கொள்கின்றோம்.

தாணு ஐயர் கணிதத்தில் மிக வல்லவர். ஆயினும் குடும்பச் சூழ்நிலையால் கல்வியைத் தொடர இயலாமல் கேரள அரசாங்க வனத்துறையில் உத்தியோகம் ஏற்றார். இத்தகைய தந்தையர் நம் குடும்பங்களிலும் பலர் உண்டு. தமக்குக் கிட்டாததை மகனுக்குக் கிட்டச் செய்வது எவ்வாறு என்பதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகத் தீர்மானிக்கின்றனர். சிலர் மகனைச் சம்பளம் மிகுந்த உத்தியோகத்திற்கே தள்ளுகின்றனர். பத்மநாபனாரின் வீட்டிலோ கணிதமே பேச்சாக இருந்தது. பிள்ளை படித்ததும் கரமனை அரசாங்க உயர்தரப் பாடசாலையிலும், பின்னர்த் திருவனந்தபுரம் அரசாங்கக் கல்லூரியிலும், யூனிவர்சிட்டிக் கல்லூரியிலுமே. பெருஞ்செல்வர் பிள்ளைகள் பயிலும் கலாசாலை எதிலும் அவர் காலடி வைத்ததில்லை. 1977-இல் பி.எஸ்ஸி. பட்டமும் 1979-இல் எம்.எஸ்ஸி. பட்டமும் பெற்றார், இரண்டிலும் தங்கப் பதக்கம். பி.எஸ்ஸி. மாணவராய் இருந்தபோதே, 20 வயதில், ஐன்ஸ்டைன் கொள்கை பற்றிய ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். அது ‘பிரமாணா’ என்னும் இந்தியப் பௌதிகப் பத்திரிகையில் 1977-இல் வெளிவந்தது. அக்கட்டுரையை எழுதத் தூண்டிய ஆசிரியர் கல்லூரியில் இல்லை. பெரிய நூல்களைத் தாமே எடுத்துத் தாமே கற்றதன் விளைவு அது.

1979-இல் பம்பாய் சென்று டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். வானியல் அறிஞர் ஜயந்த் நார்லிகர் அவருக்கு வழிகாட்டி. 1983-இல் டாக்டர் பட்டம் பெறுமுன்பே, 1980 முதல், அந்நிலையத்தின் ஆசிரியர் வரிசையில் அவர் ஒருவராகி விட்டார். இஃது எங்கும் அரிதாக நிகழ்வது.

நிற்க. அவர் ஆராய்ந்த பொருள் யாது என்பதை இனிச் சொல்ல வேண்டும். அதற்குச் சிறிது பின்னே செல்ல வேண்டியிருக்கிறது.

பொருள்கள் ஒன்றையொன்று இழுக்கின்றன என்று நியூட்டன் 1687-இல் விதித்தார். அவ்விழுப்பு எவ்வாறு நிகழ்கிறது என்பதை அவர் சொல்லவில்லை. 1915-இல் ஐன்ஸ்டைன், இழுப்பு என்பதே இல்லை. பொருள் இருக்கும் இடத்தில் காலமும் இடமும் சேர்ந்த காலவெளி வளைகிறது. அவ்வளைவின் வழியே ஏனைய பொருள்கள் செல்கின்றன என்றார். அடுத்த ஆண்டே ஸ்வார்ட்ஸ்சைல்டு என்னும் ஜெர்மானியர் அக்கொள்கையின் சமன்பாடுகளுக்கு ஒரு விடை கண்டார். ஒளியும் தப்ப இயலாதபடி காலவெளி சுருண்டு கிடக்கும் ஓர் இடம் அவ்விடையில் மறைந்திருந்தது. பிற்காலத்தார் அதற்குக் கருந்துளை என்று பெயரிட்டனர்.

அத்தகைய பொருள் உண்மையில் உண்டாகக் கூடுமா? இவ்வினாவின் வரலாற்றில் நம் தமிழர் ஒருவருக்குப் பெரும்பங்கு உண்டு. சென்னை இராஜதானிக் கல்லூரியிற் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் செல்லும் வழியில், எரிபொருள் தீர்ந்த நக்ஷத்திரம் தன் பாரத்தைத் தானே தாங்க ஓர் எல்லை உண்டு என்று கணக்கிட்டார். சூரியனது பாரத்தைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்பது அவ்வெல்லை. அதற்கு மேற்பட்டது சுருங்கிக்கொண்டே போகும். 1935 ஜனவரியில் எடிங்டன் என்னும் புகழ்பெற்ற வானநூலார் லண்டன் சபையிலே அதனை நகையாடினார். சந்திரசேகருக்கு நோபல் பரிசு வந்தது 1983-இல். கல்கத்தாவில் இருந்த அமல் குமார் ராய்சௌதுரி 1955-இல் வெளியிட்ட சமன்பாடொன்று, ஈர்ப்பினால் பொருள் ஓரிடத்திற் குவிவது தவிர்க்க இயலாதது என்பதை நிறுவும் வாதங்களுக்கு அடிகோலிற்று. 1965-இல் பென்ரோஸ் அதன் வழியே சென்று கண்ட முடிவுக்கு 2020-இல் நோபல் பரிசு கிடைத்தது. கருந்துளையைத் தட்டினால் மணிபோல் ஒலித்து அடங்கும் என்று 1970-இல் கண்டவர் கன்னட நாட்டு விசுவேசுவரர். 2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் கருவிகள் இரண்டு கருந்துளைகள் மோதி ஒன்றானதன் அதிர்வைப் பதிவு செய்தபோது, அம்மணியோசையின் சுவடும் அதிற் காணப்பட்டது. ஈர்ப்பைப் பற்றிய இருபதாம் நூற்றாண்டு வரலாற்றை இந்தியர் பெயர் இல்லாமல் எழுதவே இயலாது.

இதுவரை சொன்னவற்றில் உஷ்ணத்திற்கு இடமே இல்லை. கருந்துளையினின்று ஒன்றும் வெளிவராது எனின், அது முழுக்கக் குளிர்ந்த பொருளாகவே இருத்தல் வேண்டும். 1972-73-இல் பெக்கென்ஸ்டைன் என்னும் இளைஞர் ஓர் இடையூற்றைக் கண்டார். உஷ்ணமுள்ள ஒரு பொருளைக் கருந்துளையில் எறிந்தால், அப்பொருளின் அணுக்களுக்கு இருந்த ஒழுங்கின்மை எங்கே போயிற்று? ஒழுங்கின்மையின் அளவை என்ட்ரோபி என்பர். உலகத்தில் அது குறைதல் கூடாது என்பது உஷ்ண சாஸ்திரத்தின் உறுதியான விதி. ஆதலின் கருந்துளைக்கும் என்ட்ரோபி உண்டு. அது கருந்துளையின் எல்லைப் பரப்பைப் பொறுத்தது என்றார் அவர். ஸ்டீபன் ஹாக்கிங் முதலில் இதனை மறுத்தார். மறுக்கப் புகுந்து கணக்கிட்டவர், 1974-இல் கருந்துளைக்கு உஷ்ணநிலையும் உண்டு என்ற முடிவிற்கே வந்து சேர்ந்தார். சூரியனளவு பாரமுள்ள கருந்துளைக்கு அவ்வுஷ்ணநிலை, முழுக்குளிருக்கு மேலே ஒரு டிகிரியில் கோடியில் ஒரு பங்கிற்கும் குறைவு. ஆயினும் அது பூஜ்யமன்று.

எல்லைப் பரப்பைப் பொறுத்தது என்றோமே, அதன் விந்தையைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். நம் வீடுகளில் இருந்த நெற்பத்தாயத்தை நினைவு கொள்க. அதனுள் எத்தனை நெல்மணிகள் கொள்ளும் என்பது பத்தாயத்தின் உள்ளளவைப் பொறுத்தது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி எத்தனை கோட்டை என்று சொல்லிவிடலாம். அணுக்களால் ஆகிய எப்பொருளுக்கும் இதுவே முறை. கருந்துளையிலோ கணக்கு மாறுகிறது. அதன் கொள்ளளவு பத்தாயத்தின் உள்ளளவால் அமைவதன்று. அடித்த பலகைகளின் பரப்பால் அமைவது. நெல் முழுதும் பலகையில் ஒட்டிக்கொண்டிருப்பது போன்ற கணக்கு அது.

இதனினும் வியப்புக்குரிய செய்தி 1975, 1976 ஆண்டுகளில் வந்தது. டேவிஸ், உன்ரூ என்னும் இருவர் தனித்தனியே கண்டது அது. கருந்துளை வேண்டுவதே இல்லை. வெறும் வெட்டவெளியில் ஒருவன் வேகத்தை மேன்மேலும் கூட்டிக்கொண்டே விரைந்து சென்றால், அவனுக்கு அவ்வெட்டவெளி சூடாகத் தோன்றும். ஒரு டிகிரிச் சூடு காண வேண்டுமாயின், பூமியில் விழும் கல்லுக்கு வேகம் கூடுவதைப்போல் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் கோடி கோடி மடங்கு விரைவாக அவனுக்கு வேகம் கூட வேண்டும். ஆதலின் எவரும் இதனை உணர்ந்ததில்லை. ஆனால் கணக்கிற் பிழையில்லை. அவ்வாறு விரைபவனுக்குப் பின்னே ஓர் எல்லை உண்டாகிறது. அதற்கப்பாலிருந்து ஒளி அவனை எட்டாது. அவ்வெல்லையே சூட்டின் காரணம்.

குமரிமுனையில் நின்று கடலை நோக்கும் நமக்கு இது விளங்காத செய்தியன்று. நீரும் வானும் கூடும் தொடுவானம் கடலில் ஓரிடத்தில் வரைந்து வைத்த கோடு அன்று. கரையில் நிற்பவனுக்கு ஒரு தொடுவானம். வள்ளத்தில் மீன்பிடிக்கச் சென்றவனுக்கு வேறொன்று. மருந்துவாழ் மலையின்மேல் ஏறியவனுக்கு இன்னும் தொலைவில் மற்றொன்று. பார்ப்பவனைச் சார்ந்தே அது அமைகிறது. பௌதிக நூலார் எல்லையை ஆங்கிலத்தில் தொடுவானம் என்ற சொல்லாலேயே குறிக்கின்றனர். பத்மநாபனாரின் கொள்கை முழுதும் இதனை அச்சாணியாகக் கொண்டது. கருந்துளை ஏதோ தொலைவிலுள்ள விபரீதப் பொருள். அதற்கு மட்டும் உஷ்ணம் உண்டு என்று பலர் கொண்டனர். அவரோ, எங்கெங்கும், எவர்க்கும், ஏதேனும் ஒரு தொடுவானம் அமையக்கூடும் ஆதலின், உஷ்ணம் என்பது காலவெளிக்கே பொதுவான குணம் என்று கொண்டார்.

பொதுவான குணம் எனின் அதன் பொருள் யாது? இவ்விடத்தில் அவர் அடிக்கடி எடுத்துக்காட்டிய பெயர் வியன்னாவில் வாழ்ந்த போல்ட்ஸ்மன். அவருடைய வாதத்தின் சாரம் இது: ஒரு பொருளைச் சூடாக்க முடியுமாயின், அது நுண்ணிய கூறுகளால் ஆகியிருத்தல் வேண்டும். சூடு என்பது அக்கூறுகளின் அசைவேயாகும். கூறுகள் இல்லையேல் சூட்டைத் தாங்கி நிற்பது எது?

நம் நாட்டிலிருந்தே ஓர் உதாரணம் காட்டலாம். பேச்சிப்பாறை அணையை மிஞ்சின் என்னும் ஆங்கில எஞ்சினீயர் கட்டி முடித்தது 1906-இல். கோதையாற்று நீர் எவ்வளவு அழுத்தத்தோடு கற்சுவரைத் தள்ளும், மடையைத் திறந்தால் எவ்வளவு விரைவாய்ப் பாயும் என்பனவற்றையெல்லாம் அவர் கணக்கிட்டிருப்பார். அக்கணக்கு எதிலும் நீர் அணுக்களால் ஆகியது என்னும் உண்மைக்கு வேலையில்லை. நீரை இடைவெளியற்ற ஒரே பொருளாகக் கொண்டே அணை கட்டலாம், கால்வாய் வெட்டலாம், தோவாளை, அகஸ்தீஸ்வரத்து வயல்களுக்கெல்லாம் பாய்ச்சலாம். ஆயினும் அதே நீரை அடுப்பில் ஏற்றினால் சூடாகிறது. அச்சூடே, உள்ளே கண்ணுக்குப் புலனாகாத கூறுகள் உண்டு என்பதைக் காட்டிக் கொடுக்கிறது. அவ்வணை முடிவுற்ற அதே 1906-ஆம் ஆண்டில்தான் போல்ட்ஸ்மன் மனமுடைந்து தம் உயிரைத் தாமே மாய்த்துக் கொண்டார். அணுக்கள் உண்டு என்பதை ஏற்காத அறிஞர் அப்போதும் இருந்தனர். இரண்டொரு ஆண்டுகளில் பெரென் என்னும் பிரெஞ்சுக்காரர் செய்த சோதனைகளால் அவ்வையம் தீர்ந்தது. போல்ட்ஸ்மன் அதனைக் காண இல்லை.

பத்மநாபனார் இவ்வாதத்தைக் காலவெளியின்மேல் ஏற்றினார். காலவெளிக்கு உஷ்ணம் உண்டு. ஆதலின் காலவெளிக்கும் அணுக்கள் உண்டு. ஐன்ஸ்டைனது சமன்பாடுகள் நீரின் ஓட்டத்தைச் சொல்லும் கணக்கைப் போன்றவை. உள்ளே இருக்கும் கூறுகளைச் சொல்பவையல்ல. ஈர்ப்பு அடிப்படை விசைகளுள் ஒன்றன்று. நீரின் அழுத்தம் போலவும் இரும்புக் கம்பியின் மீள்தன்மை போலவும், எண்ணிறந்த நுண்கூறுகளின் கூட்டத்தால் தோன்றுவது. இதுவே அவர் சொல்ல வந்தது.

இதனை ஊகமாகச் சொல்லிப் போகாமல் கணக்கால் நாட்ட முயன்றது அவருடைய பெருமை. 1995-இல் டெட் ஜேகப்ஸன் என்னும் அமெரிக்கர், தொடுவானங்களின் உஷ்ண விதிகளை முதலில் வைத்துக்கொண்டு அவற்றினின்று ஐன்ஸ்டைனது சமன்பாட்டைப் பெறலாம் என்று காட்டியிருந்தார். பத்மநாபனார் 2002-இல் எதிர்த்திசையில் நடந்தார். ஐன்ஸ்டைனது சமன்பாட்டையே எடுத்துக்கொண்டு, ஒரு தொடுவானத்தின் மருங்கில் அது என்ன சொல்கிறது என்று பார்த்தார். அங்கே அச்சமன்பாடு, நீராவி இயந்திரம் செய்வோர் நெடுங்காலமாக அறிந்திருக்கும் விதியின் வடிவத்தையே எடுத்து நின்றது. உஷ்ணநிலையை என்ட்ரோபியின் மாறுதலால் பெருக்கி வருவது, சக்தியின் மாறுதலும் அழுத்தம் செய்த வேலையும் சேர்ந்த தொகைக்குச் சமம் என்பது அவ்விதி. வளைந்த காலவெளியைப் பற்றிய சமன்பாட்டுக்குள் கொதிகலனின் விதி உறங்கிக் கிடந்தது. ஒரு கொள்கையில் மட்டும் இவ்வாறு நேர்ந்தால் தற்செயல் எனலாம். ஐன்ஸ்டைனது கொள்கையினும் விரிந்த, லாங்க்சோஸ்-லவ்லாக் எனப்படும் வகையைச் சேர்ந்த கொள்கைகளிலும் இதுவே நேர்கிறது என்று 2006-இல் தம் இளம் சகாக்களுடன் சேர்ந்து அவர் காட்டினார். பலர் இவ்வழியே தொடர்ந்து வெவ்வேறு தொடுவானங்களுக்கு இதனைச் சோதித்துப் பார்த்தனர். 2008-இல் அமெரிக்காவின் ஈர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் நடத்தும் கட்டுரைப் போட்டியில் அவருக்கு முதற்பரிசு கிடைத்தது. 2009-இல் இன்போசிஸ் பரிசு அளித்தவர்களும், ஈர்ப்பை உஷ்ண சாஸ்திரத்தோடு இணைத்து ஆழ்ந்து விளக்கியதையே காரணமாகக் குறித்தனர்.

2010-இல் ஹாலந்து தேசத்து எரிக் வெர்லிண்டு, ஈர்ப்பு என்பது என்ட்ரோபியினால் தோன்றும் விசை என்று ஒரு கட்டுரை எழுதினார். மேனாட்டுப் பத்திரிகைகள் அதனைப் பெரிதும் பேசின. பத்மநாபனார் அதற்குப் பல்லாண்டு முன்னரே இவ்வழியில் நடந்துகொண்டிருந்தார் என்பது துறையறிந்தோர்க்குத் தெரியும். புனாவிலிருந்து எழுவதற்கும் ஆம்ஸ்டர்டாமிலிருந்து எழுவதற்கும் பத்திரிகைகளின் காதில் ஒலி வேறுபடுகிறது போலும்.

அவர் நெடுங்காலம் போராடிய மற்றொரு வினாவையும் சொல்லாமல் விடலாகாது. வெட்டவெளிக்கும் சக்தி உண்டு என்பது குவாண்டம் கொள்கை. அச்சக்திக்குப் பாரம் உண்டாயின் ஈர்ப்பு அதனை உணர வேண்டும். கணக்கிட்டால் வரும் தொகையோ, வானத்தில் அளந்து காணும் தொகையைவிட ஒன்றின் பின் ஏறத்தாழ 120 சுழிகள் இட்ட மடங்கு பெரிது! 1998-இல் பிரபஞ்சம் மேன்மேலும் விரைவாக விரிகிறது என்று கண்டறிந்தபின் இவ்வினா இன்னும் கூர்மையாயிற்று. 2003-இல் பத்மநாபனார் இதனைப் பற்றி எழுதிய நீண்ட ஆராய்ச்சித் தொகுப்பு உலகெங்கும் ஆயிரக்கணக்கான கட்டுரைகளில் மேற்கோளாக எடுக்கப்பட்டுள்ளது.

இடையூறு எங்கே உள்ளது என்று அவர் கருதியதை ஒரு தராசைக் கொண்டு விளக்கலாம். இரு தட்டுகளிலும் சமமான கற்களைக் கூடுதலாக இட்டால் முள் அசைவதில்லை. ஆனால் தராசைத் தூக்கிப் பிடித்த கை அக்கனத்தை உணரும். ஏனைய பௌதிக விதிகளெல்லாம் முள்ளைப் போன்றவை. சக்தியின் வேறுபாட்டை மட்டுமே அறியும். ஈர்ப்பு ஒன்றே கையைப் போன்றது. மொத்தக் கனத்தையும் உணர்கிறது. இது பொருந்தாது, ஈர்ப்பின் விதியையும் முள்ளைப் போல் வேறுபாட்டை மட்டும் அறிவதாக அமைத்தல் வேண்டும் என்பது அவர் துணிபு. ஈர்ப்பை உஷ்ணத்தின் வழியே அமைத்தால் அவ்வாறே அமைகிறது என்று காட்டினார். எஞ்சி நிற்கும் சிறு தொகை எங்கிருந்து வந்தது என்பதற்குத் தம் மகளார், வானியல் அறிஞர் ஹம்சா பத்மநாபனோடு சேர்ந்து 2013 முதல் ஒரு விடை முன்வைத்தார். பிரபஞ்சம் நமக்கு அறியக் கொடுக்கும் செய்தியின் மொத்த அளவு ஒரு குறித்த எண் என்று கொண்டால், அத்தொகை தானே வந்து பொருந்துகிறது என்பது அவ்விடை. தந்தையும் மகளுமாய் எழுதிய அக்கட்டுரைகளைப் பார்க்கையில், வனத்துறை உத்தியோகத்தரான தாணு ஐயரின் வீட்டுக் கணிதம் மூன்றாந் தலைமுறைக்கும் சென்றது கண்கூடு.

இளமையில் செய்த ஒரு வேலையும் ஈண்டுக் குறிக்கத்தக்கது. 1985 முதல் 1987 வரை எழுதிய கட்டுரைகளில், நீளத்திற்கே ஒரு கீழெல்லை உண்டு என்று அவர் வாதித்தார். மிக நுண்ணிய இடத்தைக் காண மிகுந்த சக்தி வேண்டும். அவ்வளவு சக்தியைச் சிற்றிடத்தில் குவித்தால் அவ்விடமே கருந்துளையாகி, காண வந்ததை மறைத்துக் கொள்ளும். புள்ளிக்குப் பின் 34 சுழிகள் இட்டு 16 என்று எழுதினால் வரும் மீட்டர் அளவே அக்கீழெல்லையின் படி. அதற்குக் கீழே ‘இங்கே’ என்ற சொல்லுக்குப் பொருளில்லை. முப்பது ஆண்டுகள் கழித்தும், தம் கடைசிக் கட்டுரைகள் வரை, இக்கருத்துக்கு அவர் திரும்பத் திரும்ப வந்தார்.

இனி, அன்பர்கள் நேரிற் கேட்கக்கூடிய ஒன்றுக்கு விடை கூற வேண்டும். அவர் சொன்னது மெய்யா?

மெய்யென்று நாட்டப்படவில்லை. காலவெளியின் அணு எத்தகையது என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமலே எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதே தம் முறை என்று கொண்டார். உஷ்ண சாஸ்திரம் அணுவைக் காணாமலே வளர்ந்ததன்றோ என்பது அவர் பக்கத்து நியாயம். மாற்றாரோ, சமன்பாடுகள் இரண்டு ஒரே வடிவில் இருப்பதனால் பொருள்கள் இரண்டும் ஒன்றாகி விடுமா என்கின்றனர். ஐன்ஸ்டைனது கொள்கை ஒரு விடையும் இவர் கொள்கை வேறொரு விடையும் தரக்கூடிய சோதனை எதுவும் இதுவரை நடந்ததில்லை. மகளாரோடு எழுதிய எண்ணின் கணக்கையும், வேண்டிய எண்ணை முன்னமே வைத்துக்கொண்ட கணக்கு என்று ஐயுறுவோர் உளர். காலவெளியின் கூறுகளை நேரே தேடும் வேறு வழிகளும் உண்டு. 1986-இல் அபய் அஷ்டேகர் தொடங்கி வைத்த வழி ஒன்று; இழைக் கொள்கையில் அசோக் சென் முதலியோர் கருந்துளையின் என்ட்ரோபியை எண்ணிக் காட்டிய வழி மற்றொன்று. எவ்வழி ஊர் சேரும் என்பது இன்னும் தெரியவில்லை.

போல்ட்ஸ்மனை உதாரணம் காட்டி, ‘அவரைப்போல் இவரும் வெல்வார்’ என்று எழுதிவிடுவது எளிது. யாம் அவ்வாறு எழுத ஒருப்படவில்லை. கண்ணுக்குப் புலனாகாததை உண்டென்று சொன்னவர் எல்லாரும் வென்றதில்லை. உஷ்ணம் ஒரு திரவம் என்றனர், ஒளி செல்ல ஈதர் என்றொரு பொருள் வேண்டும் என்றனர், இரண்டும் போயின. ஆயினும் அவை போனது வீணன்று. உண்டா இல்லையா என்று பார்க்கப் புகுந்ததனாலேயே பௌதிகம் வளர்ந்தது. பத்மநாபனாரின் ஆராய்ச்சியால் உறுதியாக விளைந்த பயன் ஒன்று உண்டு. ஈர்ப்பின் சமன்பாடுகளுக்கும் உஷ்ண விதிகளுக்கும் உள்ள ஒற்றுமை கருந்துளைக்கு மட்டும் உரியதன்று, மிகப் பொதுவானது என்பதை இன்று எவரும் மறுப்பதில்லை. குவாண்டம் ஈர்ப்புக் கொள்கை எதுவாயினும், அவ்வொற்றுமை ஏன் என்ற வினாவுக்கு விடை சொல்லியே தீர வேண்டும். அவ்வினாவைத் தள்ள இயலாததாக ஆக்கியவர்களுள் அவர் முதல் வரிசையில் நிற்பவர்.

1992 முதல் அவர் பணியாற்றியது புனா நகரத்தில், நார்லிகர் நிறுவிய பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான வானியல் மையத்தில். அந்நிலையத்தின் கல்விப் பகுதிக்கு 1997 முதல் 18 ஆண்டுகள் தலைமை வகித்தார். ஏறத்தாழ 300 ஆராய்ச்சிக் கட்டுரைகளும் பத்துக்கு மேற்பட்ட நூல்களும் எழுதினார். 2000-இல் தொடங்கி மூன்று பாகங்களாக வந்த வானியல் பௌதிக நூலும், 2010-இல் வந்த ஈர்ப்பு நூலும் பல தேசத்து மாணவர் கையில் உள்ளன. கொள்கை நின்றாலும் வீழ்ந்தாலும் இந்நூல்கள் நிற்கும் என்பது எம் கருத்து. 1980-களில் சிறார்களுக்காகப் பௌதிகத்தின் வரலாற்றைச் சித்திரக் கதையாகவும் அவர் எழுதினார். பேரறிஞர் பலர் இத்தகைய வேலையைத் தம் தகுதிக்குக் குறைவென்று கருதுவர். 2019-இல் தம் மனைவியார், வானியலில் டாக்டர் பட்டம் பெற்ற வசந்தி பத்மநாபனோடு சேர்ந்து விஞ்ஞானத்தின் உதயத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். கேரளத்துப் பழங்கணிதர் மாதவரைப் பற்றிய பகுதியும் அதில் உண்டு. 1996-இல் பட்னாகர் பரிசும் 2007-இல் பத்மஸ்ரீ விருதும் வந்தன. 2021-இல் கேரள அரசாங்கம் வாழ்நாட் சாதனைக்கான சாஸ்திர புரஸ்காரத்தை அவருக்கு அளித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 17-ஆம் நாள், 64-ஆம் வயதில், மாரடைப்பால் புனாவில் காலமானார். அவருக்கு வழிகாட்டிய நார்லிகர், மாணவருக்குப் பின்னும் இருந்து 2025-இல் மறைந்தார்.

கல்லூரியிற் பௌதிகம் பயிலும் நம் பிள்ளைகளுள் எவரேனும் அவர் எழுத்தைப் படிக்க விழைந்தால், ஈர்ப்பு நூலை முதலில் எடுக்க வேண்டா, அது கடினம். 2015-இல் வெளிவந்த ‘ஸ்லீப்பிங் பியூட்டீஸ் இன் தியரிட்டிகல் பிசிக்ஸ்’ என்னும் நூலில் தொடங்கலாம். தெரிந்த பாடங்களுக்குள் மறைந்திருக்கும் 26 விந்தைகளை அதில் ஒவ்வொன்றாய்ச் சொல்கிறார். ஆராய்ச்சிக் கட்டுரைகளிற் பெரும்பாலானவை ஆர்க்கைவ் என்னும் இணையக் களஞ்சியத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன.